"இப்படி முடைய முடியாது புள்ள": களவுபோன ஓலைப் பெட்டிப் படம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதல் சேதி திட்டாகத்தான் வந்தது. நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "ஓலைப் பெட்டின்னு படம் போட்டுட்டு பிளாஸ்டிக்கை அனுப்பியிருக்கீங்க. கைத்தொழில் பண்றவங்கன்னு நம்பித்தானே வாங்கினோம்? ஏங்க இப்படி ஏமாத்துறீங்க?"

லாத்தா (எங்கள் பக்கத்தில் அக்காவை இப்படித்தான் கூப்பிடுவோம்) அந்தப் பதிவை மூன்று தடவை கேட்டுவிட்டு, போனைத் துப்பட்டி முனையில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "நான் இந்த மாசம் கோயம்புத்தூருக்கு ஒரு பொட்டிகூட அனுப்பல புள்ள. இது யாரு பொட்டி?"

கீழக்கரையில் நான் நடத்துவது சின்ன கம்ப்யூட்டர் கடை. விண்ணப்பம் எழுதித் தருவது, பிரிண்ட் போடுவது, லேமினேஷன் செய்வது என்று பிழைப்பு ஓடுகிறது. லாத்தா ஏர்வாடிப் பக்கம் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பனையோலைப் பெட்டி முடைகிறவர். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தை மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவர் கேட்டுக்கொண்டபடி ஊர்ப்பெயரையும் அவர் பெயரையும் இங்கே எழுதவில்லை. நடந்ததை முழுசாக எழுதச் சொன்னவரும் அவர்தான். இந்தக் கரையில் பெட்டி முடைகிற, பாய் பின்னுகிற, சிப்பி கோக்கிற பெண்கள் பலர் இப்போது போனில் படம் போட்டுத்தான் விற்கிறார்கள். நாங்கள் இழந்த நாட்களை அவர்களும் இழக்க வேண்டாம்.

ஒரு பெட்டியும் ஒரு படமும்

லாத்தாவுக்கு ஓலை சாயல்குடிப் பக்கத்திலிருந்து வருகிறது. விரியாத குருத்தோலையை வாங்கி, வெயிலில் வெளுக்கக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்துகொள்வார். பாதியைச் சாயத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுவார். கத்திரிப்பூ நிறமும் பச்சையும் அவருக்குப் பிடித்தவை. கடற்காற்று அடிக்கும் மதியத்தில் ஓலை முறுகி ஒடியும் என்பதால் ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கும். மூடி போட்ட வட்டப் பெட்டி ஒன்றுக்கு இரண்டு நாள் ஆகும். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் வைத்துக் கொடுப்பதற்காக நிறையப் பேர் அதைத்தான் கேட்பார்கள். விலை 850 ரூபாய்.

அந்த வட்டப் பெட்டியின் படத்தை எடுத்தது லாத்தாவின் தங்கச்சி மகன். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். பெரியும்மாவுக்கு உதவி என்று காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தான். வெள்ளைத் துணி விரித்து, சன்னல் வெளிச்சத்தில், பெட்டியை மட்டும் எடுத்தான். முகம் படத்தில் வருவது லாத்தாவுக்கு விருப்பமில்லை, கையும் வேண்டாம் என்றார். படம் அழகாகத்தான் வந்தது. ஆனால் இது இன்னாருடையது என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. மூடியின் வலது ஓரத்தில், பின்னலின் மேல், பக்கத்தின் பெயரை நான் வெள்ளை எழுத்தில் பதித்திருந்தேன். அது போதும் என்று நினைத்தது என் தப்பு.

தேடியதும் கிடைத்ததும்

கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் பேசியபோது விவரம் தெரிந்தது. அவர் ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் 349 ரூபாய்க்குப் பெட்டி வாங்கியிருக்கிறார். வந்தது ஓலை நிறத்தில் பிளாஸ்டிக் பட்டையால் செய்த கூடை. கோபத்தில் அந்த விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடியபோது லாத்தாவின் பக்கமும் போன் நம்பரும் கிடைத்திருக்கின்றன. அந்தப் பெண்மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் தேடியிருக்காவிட்டால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது. பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவையும் பில்லையும் அவரே எங்களுக்கு அனுப்பினார். பின்னால் அவை பெரிய துணையாக இருந்தன.

அதே வழியில் நானும் தேடினேன். கூகுள் லென்ஸில் சில முகவரிகள் கிடைத்தன, படத்தை வைத்துத் தேடும் டின்ஐ தளத்தில் இன்னும் இரண்டு. பிறகு ஒரு சந்தேகத்தில் எங்கள் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பித் தேடினேன். அதுவரை கண்ணில் படாத மூன்று விளம்பரங்கள் வந்தன. தேடலில் சிக்காமல் இருக்க இப்படித் திருப்பிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மொத்தம் 11 விளம்பரங்கள், நான்கு விற்பனையாளர் பெயர்கள், மூன்று தளங்கள். அவற்றில் ஒன்று வெளிநாட்டுத் தளம்.

எல்லாவற்றிலும் ஓரத்தில் இருந்த எங்கள் பெயரைக் காணோம். வெட்டி எடுக்கவில்லை, பெட்டி முழுசாக இருக்கிறது. பெயரை மட்டும் துடைத்திருக்கிறார்கள். போனில் விரலால் தேய்த்தாலே தேவையில்லாததை அழித்து, அந்த இடத்தைத் தானே நிரப்பித் தரும் வசதி இப்போது வந்துவிட்டது. நான் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் அழித்த தடம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

லாத்தா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். பெட்டி முடைகிறபோது எண்ணுவதுபோல் ஆள்காட்டி விரலை ஒவ்வொரு கீற்றின் மேலும் வைத்து நகர்த்தினார். மேலே, கீழே, மேலே, கீழே. மூடியின் வலது ஓரம் வந்ததும் விரல் நின்றது. "இங்க பாரு. இந்த ஓலையும் மேல போகுது, அடுத்ததும் மேல போகுது. ரெண்டையும் புடிக்கிற ஓலை எங்க? இப்படி முடைய முடியாது புள்ள. பொட்டி அவுந்து போயிரும்."

எங்கள் அசல் படத்தைப் பக்கத்தில் திறந்தேன். அந்த இடத்தில்தான் பெயர் இருந்தது. அதை அழித்த மென்பொருள் ஓலை மாதிரி எதையோ வரைந்து வைத்திருக்கிறது. எந்தக் கீற்று எதன் அடியில் நுழைந்து வெளிவரும் என்று அதற்குத் தெரியவில்லை. நாற்பது வருடம் முடைந்த விரல் அதை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது. எனக்கு அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு படங்களிலும் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி, பக்கத்தில் பக்கம் வைத்து, அம்புக்குறி போட்டு ஒரு தாள் தயார் செய்தேன்.

பெயரைத் துடைப்பதும் சின்ன விஷயம் இல்லை. உரிமை யாருடையது என்று காட்டும் தகவலைத் தெரிந்தே நீக்குவது பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஆ பிரிவில் தனிக் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. 2012 திருத்தத்தில் சேர்த்த பிரிவு இது. எங்கள் புகாரில் இதைத் தனிப் பத்தியாகவே எழுதினேன்.

புகார் கொடுக்கும் முன்னால் செய்த ஒரு வேலையையும் சொல்லியாக வேண்டும். புகார் போன மறுநாளே விளம்பரம் மறைந்துவிடலாம், விற்றவனே எடுத்துவிடலாம். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் முகவரி, தேதி, விலை, விற்பனையாளர் பெயர் எல்லாம் தெரியும்படி முழுசாகத் திரைப்பிடிப்பு எடுத்தேன். வலைப்பக்கத்தை அன்றைக்கு இருந்தபடியே காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் சேமித்தேன். நானே ஒரு கூடை வாங்கினேன். 349 ரூபாய் வீண் என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் பார்சலின் மேல் விற்றவரின் முகவரியும், பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தன. ஒரு பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிய இதைவிட மலிவான வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

உரிமை யாருக்கு?

இங்கேதான் சறுக்கினோம். முதல் தளத்தின் புகார்ப் படிவத்தில் "நீங்கள் உரிமையாளரா, உரிமையாளர் சார்பில் எழுதுகிறவரா" என்று ஒரு கேள்வி. உரிமையாளர் என்று குறித்து லாத்தாவின் பெயரைப் போட்டேன். பெட்டி அவருடையது, பக்கம் அவருடையது, வேறென்ன? இரண்டு நாள் கழித்து, படத்தை எடுத்தது யார் என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. தங்கச்சி மகன் என்று உண்மையைச் சொன்னோம். அப்படியானால் புகார் கொடுத்தவர் உரிமையாளர் இல்லை என்று சொல்லி மூடிவிட்டார்கள். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு நாள் போனது.

கோபம் வந்தாலும், சட்டத்தைப் படித்தபோது அவர்கள் சொன்னது சரி என்று புரிந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். முதல் உரிமையும் அவருக்கே. காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை காசு கொடுத்தவருக்கு வரும். வேலைக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எடுத்தால் முதலாளிக்கு வரும். அன்பாக, சும்மா எடுத்துக் கொடுத்தால்? எடுத்தவருக்கே. காசு வாங்காமல் எடுத்த அந்த அன்பினாலேயே லாத்தாவுக்குத் தன் பெட்டியின் படத்தில் உரிமை இல்லாமல் போயிருந்தது.

இதை எழுதும்போது எனக்குத் தெரிந்த சுயஉதவிக் குழுக்கள் பல நினைவுக்கு வருகின்றன. பயிற்சி கொடுக்க வந்தவர் எடுத்த படம், சுற்றுலா வந்தவர் எடுத்து அனுப்பிய படம், பேரன் எடுத்த படம் என்றுதான் அவர்கள் பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. ஒன்றுக்கும் எழுத்து இல்லை. ஸ்டூடியோக்காரருக்குக் காசு கொடுத்து எடுத்திருந்தாலும் ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் குறைவு. தயவுசெய்து இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கச்சி மகன் இப்போது துபாயில் இருக்கிறான். போன் போட்டதும், "பெரியும்மா, எங்க கையெழுத்து போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும், அது 19ஆம் பிரிவு. அந்தப் பிரிவில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, கவனிக்காமல் விட்டால் பின்னால் கடிக்கும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். எங்கள் களவில் வெளிநாட்டுத் தளமும் இருந்ததால் "பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்" என்று எழுதினோம். எந்தெந்தப் படம் என்பதற்கு ஒவ்வொன்றையும் சிறிதாகத் தாளிலேயே அச்சிட்டோம். அவன் அங்கே கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பினான், அசல் தாள் அடுத்த மாதம் ஊருக்கு வந்த ஒருவர் கையில் வந்து சேர்ந்தது.

அடுத்த கேள்வி, இவன்தான் எடுத்தான் என்பதற்கு என்ன சாட்சி? பதிவுச் சான்று எங்களிடம் இல்லை. பதிப்புரிமை கிடைக்கப் பதிவு கட்டாயமும் இல்லை. படம் எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. என்னிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த பிரதி. படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எந்தப் போனில், எந்த நாளில், எந்த நேரத்தில் எடுத்தது என்ற உள்தகவலையும் கழற்றிவிடும். திருடனிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே தரம்.

அவனுடைய பழைய போன் அவன் உம்மாவின் பீரோவில், துணிகளுக்கு அடியில் கிடந்தது. பேட்டரி செத்திருந்தது. என் கடைக்குக் கொண்டுவந்து சார்ஜில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரை வெளிச்சம் வந்தபோது லாத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். உள்ளே அசல் இருந்தது. அந்த ஒரு படம் மட்டுமல்ல, அன்றைக்கு எடுத்த ஒன்பது படங்களும். ஒன்றில் மூடி கோணலாக இருக்கிறது. இன்னொன்றில் துணியின் ஓரத்தில் பூனையின் வால். மற்றொன்றில் வெளிச்சம் கூடிப்போய் பச்சை வெளுத்திருக்கிறது. நாங்கள் எங்கேயும் போடாத எட்டுப் படங்கள். ஊர் உலகத்தில் யார் அந்தப் படத்தை எடுத்துப் போட்டாலும், அதற்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் காட்ட அவரால் முடியாது.

இரண்டாவது புகார்

இந்தத் தடவையும் லாத்தா பெயரில்தான், ஆனால் உரிமை மாற்றத் தாள், அசலின் உள்தகவல், வெளியிடாத இரண்டு படங்கள், லாத்தா கண்டுபிடித்த பின்னல் பிழைத் தாள், கோயம்புத்தூர்ப் பெண்ணின் வீடியோ ஆகியவற்றோடு அனுப்பினோம். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதனதன் முழு முகவரியைக் கொடுத்தோம். "உங்கள் தளத்தில் எங்கள் படம் இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் நடக்காது. நான்காம் நாள் அந்தத் தளத்தில் இருந்த ஏழு விளம்பரங்களும் போயின.

இடைநிலை நிறுவனங்கள், அதாவது பிறர் போடும் படங்களைத் தாங்கி நிற்கும் தளங்கள் பற்றிப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 52ஆம் பிரிவின்படி உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் 21 நாள் அந்தப் படத்துக்கான அணுகலை நிறுத்தி வைக்க வேண்டும். 2013 பதிப்புரிமை விதிகள் அதற்கு 36 மணி நேரக் கெடு வைக்கின்றன. அந்த 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். எங்கள் விஷயத்தில் மறுபக்கத்திலிருந்து யாரும் வாதாட வரவில்லை. தளத்தில் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்கும், பக்கத்தின் அடிவரை போய்த் தேடினால் கிடைக்கும். படிவத்தோடு அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

வெளிநாட்டுத் தளம் அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கே டிஎம்சிஏ என்ற 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அறிவிப்பு அனுப்பினால் தளம் நீக்க வேண்டும். அதற்கு வக்கீலும் வேண்டாம், அந்த நாட்டில் பதிவும் வேண்டாம். எந்தப் படைப்பு, எந்த முகவரியில் களவு, இது அனுமதியில்லாமல் போட்டது என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறேன், நான் சொல்வது உண்மை என்ற உறுதிமொழிகள், தொடர்பு விவரம், கையொப்பம், இவ்வளவுதான். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்பதால் நிதானமாக எழுதினேன். மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், பெண்கள் கட்டாயம் கவனியுங்கள். புகார் கொடுப்பவரின் பெயரையும் மின்னஞ்சலையும் பல தளங்கள் எதிர்த்தரப்புக்குக் காட்டும். லாத்தாவின் வீட்டு முகவரியும் சொந்த விவரமும் யாரோ ஒருவர் கைக்குப் போவதில் எங்களுக்குச் சம்மதமில்லை. பக்கத்தின் பெயரில் புது மின்னஞ்சல் தொடங்கினோம், முகவரிக்கு என் கடையைக் கொடுத்தோம்.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்ற பேச்சு வந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. ஆனால் முகவரி வடநாட்டில். பெருநாள் வேலையை விட்டுவிட்டு அலைய லாத்தாவுக்கு மனமில்லை. நான் வற்புறுத்தவில்லை. கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு மட்டும் 1915 நுகர்வோர் உதவி எண்ணைச் சொன்னோம். விளம்பரமும் பொருளும் ஒத்திருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. அவருக்குப் பணம் திரும்பியது. அதன் பிறகு லாத்தாவிடமே ஒரு பெட்டி வாங்கினார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த பத்தாம் நாள், அதே தளத்தில் வேறு பெயரில் அதே படம். மனசு விட்டுப்போனது. பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுதியதும் ஒரே நாளில் எடுத்தார்கள். அந்தப் புகாரின் தாள்களை ஒரே கோப்பாகக் கட்டி வைத்திருந்ததால் எனக்கும் கால் மணி நேர வேலைதான்.

படம் வேறு, பெட்டி வேறு என்பதையும் லாத்தாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. "அப்ப இந்த மாதிரி பொட்டிய வேற யாரும் முடையக்கூடாதா?" என்று கேட்டார். முடையலாம். வட்டப் பெட்டி இந்தக் கரையின் பொதுச்சொத்து. எடுத்த படம்தான் நம்முடையது. கொட்டான் என்ற செட்டிநாட்டு ஓலைக் கூடைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அது பெயரைக் காக்கும், படத்தைக் காக்காது. யாரும் செய்யாத புது வடிவம் ஒன்றை நீங்கள் கண்டுபிடித்தால் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம், ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் அது புதிது இல்லை என்றாகிவிடும். லாத்தா தலையாட்டினார். தன் உம்மா சொல்லிக் கொடுத்த பெட்டியைப் பூட்டி வைக்க அவருக்கும் ஆசையில்லை.

இப்போது படம் எடுக்கும் விதம்

படத்தைச் சேமிக்க விடாமல் வலது சொடுக்கைப் பூட்டும் நிரல்களில் நான் நேரம் செலவிடவில்லை. திரைப்பிடிப்புக்கு முன்னால் அது நிற்காது. பெரிய எழுத்தில் பெட்டியின் நடுவே பெயர் போட்டுப் பார்த்தோம். படமே கெட்டது, வாங்குகிறவர் பெட்டியைப் பார்க்க முடியவில்லை.

வழி லாத்தாவிடமிருந்துதான் வந்தது. ஒரு மாலை, அகலமான ஓலைக் கீற்று ஒன்றை எடுத்து, கோணி ஊசியால் அதில் பக்கத்தின் பெயரைக் கீறினார். விளக்குப் புகைக் கரியை எண்ணெயில் குழைத்து மேலே தேய்த்து, துணியால் துடைத்தார். கீறலுக்குள் மட்டும் கருப்பு நின்றது, சுவடி எழுத்து மாதிரி. அந்தக் கீற்றை, படம் எடுக்கும் பெட்டியின் உடம்பில், ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று நுழைத்துப் பின்னிவிட்டார். எழுத்து ஓலைக்குள் ஓடி மறைந்து மறுபடி வெளியே வருகிறது. இதைத் துடைக்க வேண்டுமானால் அந்தப் பக்கத்துப் பின்னல் முழுவதையும் புதிதாக வரைய வேண்டும். என் போனிலேயே அழித்துப் பார்த்தேன். பெட்டி கிழிந்த மாதிரி ஆனது.

கை விஷயத்திலும் அவரே மனம் மாறினார். முகம் இல்லை, மணிக்கட்டு வரை மட்டும். சாயம் ஏறிய கத்திரிப்பூ நிற விரல் நுனிகள் இப்போது ஒவ்வொரு பொருளின் ஒரு படத்திலாவது இருக்கின்றன. கேமரா நான்தான், என்னோடு ஒரு தாளும் உண்டு: படங்களின் உரிமை லாத்தாவுக்கு, காலம் முழுவதும், உலகம் முழுவதும். ஒவ்வொரு தடவையும் பத்துப் படத்துக்குக் குறையாமல் எடுத்து ஒன்றிரண்டை மட்டும் போடுகிறோம். போடுவது 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிய பிரதி. அசல்கள் ஒரு பென்டிரைவிலும் என் கணினியிலும் தேதிவாரியாக இருக்கின்றன. யாருக்காவது அசலை அனுப்ப வேண்டியிருந்தால் வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புகிறேன், உள்தகவல் அழியாது.

ஒரு தளம் மட்டும் இன்றுவரை பதில் சொல்லவில்லை. மூன்று மின்னஞ்சல் போட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கும்படி கூகுளின் படிவத்தில் விண்ணப்பித்தோம். நீக்கிவிட்டார்கள். படம் அந்தத் தளத்தில் இன்னும் கிடக்கிறது, நேரே முகவரி தெரிந்தவர்கள் பார்க்கலாம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடைத்தெரு அடங்கிய நேரத்தில் லாத்தா கடைக்கு வருகிறார். புதுப் படங்களை ஒவ்வொன்றாக நேராகவும் திருப்பியும் தேடுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைத் திரையில் வைத்து, வருகிற பெட்டிகளின் பின்னலை எண்ணிக்கொண்டே போகிறார். போன மாதம் ஒரு படத்தில் விரல் நின்றது. நான் பதறிப்போய் என்ன என்றேன். "இது களவு இல்ல புள்ள. யாரோ நல்லா முடைஞ்சிருக்கு. எந்த ஊருன்னு பாரு."